ஓடுற வண்டிக்கு ஒரு செலவு

ஹைதராபாத் குஷாய்குடாவில் கார் பழுது பார்க்கிறவனிடம் வரும் வண்டிகளில் பெரும்பங்கு, அதிகம் ஓடாத வண்டிகள். இது இரண்டு மத்திய அரசு நிறுவனங்களை ஒட்டி வளர்ந்த ஊர். 1967-இல் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிற இ.சி.ஐ.எல். வந்தது, 1971-இல் அணு எரிபொருள் வளாகம் வந்தது. வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிட்டு, இங்கேயே ஓய்வு பெற்றார்கள். இ.சி.ஐ.எல்.லைத் தொடங்கிய ஏ.எஸ்.ராவ் பெயரில் ஒரு நகர், அடுத்து கமலா நகர், அந்தப் பக்கம் காப்ரா. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு சான்ட்ரோ, ஒரு ஆல்ட்டோ, ஒரு ஐ10. காய்கறி மார்க்கெட், கோயில், டிஸ்பென்சரி, எப்போதாவது ஒரு ஸ்ரீசைலம். பன்னிரண்டு வருஷ வண்டியில் மீட்டர் 35,000-ஐத் தொட்டிருக்காது.

"வண்டி புதுசு மாதிரிதான்பா இருக்கு" என்பார்கள். பெயின்ட்டைப் பார்த்தால், சீட்டைப் பார்த்தால், சொல்வது சரிதான். ஆனால் எஞ்சினின் வலது ஓரத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிற ரப்பர் பெல்ட்டுக்கும் வயசு பன்னிரண்டு. கம்பெனி புத்தகத்தில் இந்த பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்றுதான் போட்டிருக்கும். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். இந்த ஊரில் இத்தனை காலம் கடை வைத்து நான் அதிகம் பேசிய பேச்சு, அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான்.

டைமிங் பெல்ட் செய்கிற வேலையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கீழே கிராங்க் ஷாஃப்ட் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும்; அந்தக் கணக்கு ஒரு பல்லும் பிசகாமல் நடக்க இரண்டையும் கட்டி வைத்திருப்பது இந்த பெல்ட். உள்பக்கம் பல், பல்லின் மேல் நைலான் துணி, நடுவே கண்ணாடி இழைக் கயிறு, மற்றதெல்லாம் ரப்பர். பல் வைத்த பெல்ட் என்பதே 1940-களில் தையல் இயந்திரத்துக்காக உருவானது. காரில் முதலில் பெரிய அளவில் போட்டது ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி, 1962 வாக்கில். அதுவரை செயின் அல்லது பல்சக்கரம்தான். பெல்ட் சத்தம் போடாது, எடை குறைவு, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு. அதனால் உலகமே அதன் பின்னால் போனது.

ஒரு ஏப்ரல் மாதக் காலையில் நடந்தது இது. இ.சி.ஐ.எல்.லில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் சார். சான்ட்ரோ வைத்திருந்தார். ராதிகா சந்திப்பு சிக்னலில் வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தார்.

"தம்பி, செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் மட்டும் ஆகல. பெட்ரோல் இருக்கு. பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன்."

"சார், போனை பானெட் பக்கம் வச்சுட்டு ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். நல்ல எஞ்சின் செல்ஃப் அடிக்கும்போது கம்ப்ரஷன் தடுக்கும். ஏறி இறங்கி, மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு தாளம் அதில் இருக்கும். அன்றைக்குப் போனில் கேட்ட சத்தத்தில் அந்தத் தாளம் இல்லை. தடையே இல்லாமல், ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. கேட்டதுமே வயிற்றைப் பிசைந்தது.

"சார், இனிமே சாவியைத் தொடாதீங்க. நான் வர்றேன்."

போய் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினேன். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் கேம் தெரியும். கடைப் பையனை விட்டு லேசாக ஒரு தடவை செல்ஃப் தட்டச் சொன்னேன். கீழே எஞ்சின் சுற்றியது. மேலே கேம் அசையவில்லை. அதற்கு மேல் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. கயிறு கட்டி வண்டியைக் கடைக்கு இழுத்து வந்தோம்.

சான்ட்ரோவின் அந்த எப்சிலான் எஞ்சினில் சிலிண்டருக்கு மூன்று வீதம் 12 வால்வு: 8 இன்டேக், 4 எக்ஸாஸ்ட். பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றுதான்; நேரம்தான் வேறு. பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வுகளின் மேல் பிஸ்டன் வந்து மோதும். எல்லா எஞ்சினும் இப்படி இல்லை. சிலவற்றில் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள்; பெல்ட் அறுந்தால் புது பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். பழைய காலத்து ஆட்கள் அந்த வண்டிகளை நினைத்துக்கொண்டு, "அறுந்தா மாத்திக்கலாம்" என்கிறார்கள். இன்றைக்கு ரோட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை மோதுகிற ரகம்.

ஹெட்டை இறக்கினோம். இன்டேக் வால்வுகளில் ஆறு வளைந்திருந்தன. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. வால்வை எடுத்து டிரில் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டால் தலை தள்ளாடும், அப்போது தெரியும். பிஸ்டன் தலையில் பிறை வடிவில் சின்னச் சின்னத் தழும்புகள், அவை தப்பித்தன. புது வால்வு, வால்வு சீல், ஹெட் கேஸ்கெட், செர்லபள்ளி ரோட்டு லேத்தில் ஹெட் ஃபேஸிங், வால்வு லேப்பிங், ஆயில், கூலன்ட், கூடவே பெல்ட்டும் டென்ஷனரும், லேபர் எல்லாம் சேர்த்து அன்றைய விலையில் சுமார் 23,000 ரூபாய். ஆறு மாதம் முன்னால் பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் ஐயாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அறுந்த பெல்ட்டை அவர் கையில் கொடுத்தேன். பின்பக்கம் விரலால் வளைத்தால் முடி முடியாக வெடிப்பு. ஒரு இடத்தில் நாலைந்து பல் அடியோடு உரிந்து போயிருந்தது. மீட்டரில் 38,000.

அவர் கோபப்படவில்லை. வாழ்நாள் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் சாமான் செய்தவர். "கெடறதுக்கு முன்னாடி மாத்தற பார்ட்டுனு எங்க லேப்லயும் லிஸ்ட் வச்சிருந்தோம். கார்ல இப்படி ஒண்ணு இருக்குனு யாரும் சொல்லலையே" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. பிரேக் தேய்ந்தால் கீச்சிடும், கிளட்ச் போனால் கால் சொல்லும், பேட்டரி இறங்கினால் காலையில் தெரிந்துவிடும். இந்த பெல்ட் மட்டும் எதையும் சொல்லாது. காலையில் பானெட்டில் இருந்து கீச்சென்று வருகிற சத்தம் டைமிங் பெல்ட்டின் சத்தம் அல்ல. அது வெளியே ஆல்டர்னேட்டரை ஓட்டுகிற பெல்ட். அந்தச் சத்தத்துக்குப் பெல்ட் மாற்றிவிட்டு, "போன வருஷம்தான் மாத்தினேனே" என்று வருகிறவர்கள் நிறைய. அதனால் முதலில் எந்த பெல்ட் என்று கேட்பேன், அப்புறம் பில்லைக் கேட்பேன்.

இந்த வேலையை நான் கற்றது மௌலாலியில், தொண்ணூறுகளின் நடுவில். என் தாத்தா லாலாகூடா ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர், அப்பாவும் ரயில்வே. நான்தான் கார் பக்கம் வந்தேன். என் உஸ்தாத் ஒரு பெரியவர். தெலுங்கு, உருது, தமிழ் மூன்றிலும் திட்டுவார். அப்போது பெல்ட் வண்டி என்றால் பெரும்பாலும் மாருதி 800-உம் ஆம்னியும்தான். புது பெல்ட் போட்டதும் சாவியைத் தொட விடமாட்டார். கிராங்க் போல்ட்டில் எல்-ராடு மாட்டி இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றச் சொல்வார். அது வண்டி ஓடுகிற திசையிலேயே இருக்க வேண்டும், பின்பக்கம் ஒரு அங்குலமும் போகக்கூடாது. "பேட்டா, இடிச்சா உன் கைக்குத் தெரியும். செல்ஃப்புக்குத் தெரியாது" என்பார். இரண்டு சுற்றுக்குப் பிறகு மேலே கேம் புல்லியின் குறியும் கீழே கிராங்க் பல்சக்கரத்தின் குறியும் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். நின்றால்தான் டென்ஷனர் போல்ட்டின் கடைசி முறுக்கு. இன்றைக்கும் என் கடையில் அந்த இரண்டு சுற்று இல்லாமல் எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகாது.

வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். சான்ட்ரோ, ஐ10 மாதிரி வண்டியில் முன் வலது சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மண் தடுப்பை எடுத்தால் கிராங்க் புல்லி தெரியும். ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிக்கொண்டு வலது பக்க மவுன்டிங்கைக் கழற்ற வேண்டும். ஏ.சி. பெல்ட், ஆல்டர்னேட்டர் பெல்ட், பவர் ஸ்டீயரிங் பெல்ட் எல்லாம் வெளியே வரும். அடுத்தது கிராங்க் போல்ட். வருஷக்கணக்கில் இறுகிப்போனது. ராடைச் சேஸிஸில் முட்டுக் கொடுத்துவிட்டு செல்ஃப் அடித்து அதைத் திறக்கிற குறுக்கு வழி ஒன்று பல இடங்களில் நடக்கிறது. நான் அனுமதிக்க மாட்டேன். ராடு நழுவினால் கை போகும், ரேடியேட்டர் போகும். ஃப்ளைவீலை லாக் செய்து, நீள ராடு போட்டுத் திறப்பதற்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மூடியைத் திறந்ததும் நான் பெல்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஈரத்தைப் பார்ப்பேன். கேம் சீல் அல்லது கிராங்க் சீல் கசிந்து ஆயில் பட்டிருந்தால் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் சீலை மாற்றாமல் புது பெல்ட் போடுவது பணத்தைச் சாக்கடையில் போடுவது. பிறகு டென்ஷனரை விரலால் சுற்றிவிடுவேன். நல்ல பேரிங் கிரீஸ் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றில் நின்றுவிடும். காய்ந்த பேரிங் சரசரவென்று நாலைந்து சுற்று ஓடும். லேசாகச் சுற்றுவதுதான் நல்லது என்று வாடிக்கையாளர் நினைப்பார். அவர் கையிலேயே கொடுத்து, புதியதையும் பக்கத்தில் வைத்துச் சுற்றச் சொல்வேன். அதற்கப்புறம் பேச வேண்டியிருக்காது.

செலவில் சண்டை வருகிற இடமே இதுதான். "பெல்ட் மட்டும் மாத்துங்க, டென்ஷனர் நல்லாத்தானே இருக்கு." பெல்ட்டின் விலை இந்த வேலையில் சின்னப் பங்கு. அந்த இடத்தைத் திறந்து மூடுகிற லேபர்தான் பெரியது. டென்ஷனர் பேரிங் ஆறு மாதம் கழித்து ஜாம் ஆனால் புது பெல்ட்டையும் அறுத்துக்கொண்டு போகும். லேபர் மறுபடி, வால்வு மறுபடி. டீசலில் இது இன்னும் கடுமை. டஸ்டர், லாஜி மாதிரி ரெனோவின் 1.5 டீசல் எஞ்சினில் வாட்டர் பம்பையும் ஹை பிரஷர் ஃபியூவல் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது. வாட்டர் பம்ப் கசிந்தால் கூலன்ட் நேராக பெல்ட் மேல் விழும். அந்த வண்டிக்கு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே செட்டாகத்தான் போடுவேன். பம்ப் வேண்டாம் என்பவரின் வேலையை எடுப்பதில்லை. செட்டும் லேபருமாகப் பத்தாயிரத்தைத் தாண்டும், பதினைந்து வரை போகும். அறுந்தால் வருகிற பில் லட்சத்தை எட்டிப் பார்க்கும். வித்தியாசத்தை எஸ்டிமேட் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். எதிலும் சேராத ஒரு சின்னச் செலவும் எழுதுவேன்: ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏ.சி. பெல்ட். அவை எப்படியும் கழன்று வருகின்றன. புதியதாக மாட்ட லேபர் கிடையாது.

கார் பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. பில்லோடு வாங்குகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பில் இல்லாமல் வாங்கலாம் என்ற ஆசை எனக்கு எந்த நாளும் இல்லை, குறிப்பாக இந்த ஒரு சாமானில். ராணிகஞ்சிலும் புத்லிபௌலியிலும் எல்லா விலையிலும் பெல்ட் கிடைக்கும். நான் வாங்கும்போது பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பல்லை எண்ணுவேன், அகலத்தை வைத்துப் பார்ப்பேன், பார்ட் நம்பரைப் பார்ப்பேன். பெல்ட்டை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிற கடையில் வாங்க மாட்டேன். ஆணி மேல் மாதக்கணக்கில் மடிந்து தொங்கினால் உள்ளே இருக்கிற கண்ணாடி இழை உடையும். வெளியே ஒன்றும் தெரியாது. அதே காரணத்துக்காகத்தான் என் பையன்கள் யாராவது பெல்ட்டை இரண்டாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தால் அந்த பெல்ட்டை வண்டியில் ஏற்றவிடுவதில்லை. விலை என் கணக்கில் போகட்டும்.

டஸ்டர் பற்றிச் சொன்னேன். சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது, டஸ்டர் ஒரகடத்தில். இரண்டுமே நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வண்டிகள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனால் என் கடைக்கு வருகிற டஸ்டர்களில் பல, டில்லி போய்ச் சுற்றி வந்தவை. டில்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டியை ஓட்டக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எட்டு ஒன்பது வருஷ வண்டிகள் மலிவாகத் தெற்கே வர ஆரம்பித்தன. டில்லியில் என்.ஓ.சி. வாங்கி, ஹைதராபாத்தில் நம்பர் மாற்றி ஓட்டுகிறார்கள். வண்டி நன்றாகத்தான் இருக்கும். மீட்டர் 60,000 காட்டும். ஸ்டீயரிங் தேய்மானமும் பிரேக் பெடல் ரப்பரும் ஒன்றரை லட்சம் சொல்லும். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா இல்லையா என்று நான் வாதாடுவதில்லை. சர்வீஸ் வரலாறு தெரியாத எந்த பெல்ட் வண்டியையும் வாங்கினால், இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றுவதற்கு முன்னால் பெல்ட் செட்டை மாற்றிவிடுங்கள் என்று சொல்வேன். வாங்கும் விலையிலேயே அந்தப் பதினைந்தாயிரத்தைப் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். விற்கிறவரிடம் பெல்ட் மாற்றிய பில் இல்லை என்பதே பேரத்துக்குப் போதும்.

டஸ்டரின் அந்த டீசல் எஞ்சினில் கண்ணால் குறி பார்த்துப் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. கிராங்கை நிறுத்த ஒரு திருகு முள், கேமை நிறுத்த 8 மில்லிமீட்டர் முள். இரண்டும் உள்ளே இறங்கினால்தான் பெல்ட்டைக் கழற்றலாம். பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டு வேலையை முடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பல் தள்ளிப் போனால் வண்டி ஓடும். இழுவை குறையும், ஐடிலிங்கில் நடுங்கும், புகை கூடும். வாடிக்கையாளர் இன்ஜெக்டர், டர்போ என்று கடை கடையாகச் செலவழிப்பார். கடைசியில் யாராவது முள்ளைப் போட்டுப் பார்த்து, அது இறங்காதபோதுதான் காரணம் தெரியும்.

செயின் வண்டிக்காரர்கள் கவலை இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சரி. மாருதியின் கே-சீரிஸ், ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 டீசல், இன்னோவா கிரிஸ்டா எல்லாம் செயின். ஆனால் செயின் வாழ்வது ஆயிலில். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயின் நீளும், கைடு தேயும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வரும். அதை மாற்றுகிற செலவு பெல்ட்டைவிடப் பல மடங்கு. பழைய இன்னோவா டீசலில் பெல்ட்தான். ஆனால் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கே வைத்தார்கள், குறித்த கிலோமீட்டர் வந்ததும் எரியும். எல்லாக் கம்பெனியும் அந்த ஒரு பல்பை வைத்திருந்தால் எத்தனை ஹெட் பிழைத்திருக்கும்! ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் டர்போ பெட்ரோலில் பெல்ட் ஆயிலுக்கு உள்ளேயே ஓடுகிறது. அதற்குக் கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் தூள் ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று ஆயிலில் கை வைக்காதீர்கள் என்று அந்த வண்டிக்காரர்களிடம் கெஞ்சியே கேட்பேன்.

2020 அக்டோபர் மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கட்கேசரில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மூழ்கிய கார்களை எல்லாரும் சீட் காயவைத்து, ஆயில் மாற்றி, வயரிங் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார்கள். பெல்ட் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. நான் திறந்த பல வண்டிகளில் பல்சக்கரத்தின் பள்ளங்களில் சேறு காய்ந்து சிமென்ட் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் பெல்ட் ஏறி ஏறி இறங்கினால் எவ்வளவு நாள் தாங்கும்? அதே வருஷம் ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன. ஒரே இடத்தில் மடங்கி நின்ற பெல்ட், மேலே மே மாத வெயில். அடுத்த இரண்டு வருஷம் என் கடையில் கயிறு கட்டி வந்த வண்டிகள் அதிகம்.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெல்ட் மாற்றிய வண்டியின் பானெட் உட்புறம் தேதி, கிலோமீட்டர், போட்ட சாமானின் பெயர் எல்லாம் எழுதி ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அதே விவரம் என் நோட்டில். இந்த ஊர் வண்டிகளுக்கு நான் வைத்திருக்கிற கெடு ஐந்து வருஷம். கம்பெனி அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே கெடு. ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாற்றமில்லை. வெயிலுக்கு முன்னால் வேலை முடியட்டும் என்று பிப்ரவரியில் நோட்டைப் புரட்டி ஒவ்வொருவருக்காகப் போன் செய்கிறேன். சிலர் வண்டியை விற்றிருப்பார்கள். சிலர் வீட்டில் மகளோ மருமகனோ எடுப்பார்கள்; சார் இப்போது ஓட்டுவதில்லை என்பார்கள். அப்போதும் வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அவர் நம்பரை வாங்கி, பெல்ட் கணக்கை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போகிறேன்.

போன வாரம் அந்தச் சான்ட்ரோ சாரின் பேத்தி வந்திருந்தாள். தாத்தாவின் வண்டியில் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள். பானெட்டைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டி, "அங்கிள், இதுல போட்டிருக்கற தேதிப்படி ஜூன்ல டியூ. எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். தாளை எடுத்து பெல்ட், டென்ஷனர், இரண்டு சீல், வெளி பெல்ட்கள், கூலன்ட், லேபர் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். டென்ஷனர் எதற்கு என்று கேட்டாள். உள்ளே போய்ப் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.